பேகம்பேட்டை நாணயம், அஸ்தம்பட்டிப் பட்டறை

ஏற்காடு எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனில் வந்து நிற்கும்போது ஊர் இன்னும் இருட்டில்தான் இருந்தது. நடைமேடைக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, வெளுக்கும்வரை உட்கார்ந்திருந்து டவுன் பஸ் ஏறினேன். சட்டையின் உள்பையில் விசிட்டிங் கார்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதன் நடுவே சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு தங்க நாணயம். எடை 1 கிராம், சுத்தம் 999. தங்கையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் அவள் காதில் ஏறப்போகும் தங்கம் என் பொறுப்பு.

அந்த நாணயத்தை எனக்கு எந்தக் கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஓர் இயந்திரம் கொடுத்தது.

ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தைப் பஸ் நெருங்கியபோது பின்சீட்டில் யாரோ 'சொர்ணபுரி இறங்கணும்' என்று நடத்துனரிடம் சொன்னார்கள். பெயரிலேயே பொன்னை வைத்திருக்கும் குடியிருப்பு அது. ஃபேர்லேண்ட்ஸைக் கடந்து அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் இறங்கினேன். வடக்கே சேர்வராயன் மலை நீலமாக எழுந்து நின்றது. ஏற்காட்டுக்குப் போகும் பஸ் ஒன்று கோரிமேட்டுப் பக்கம் திரும்பியது. கார்த்திகை மாதத்துக் குளிர். ஒரு பவுன் 90,000 ரூபாயைத் தாண்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். 'இனி நம்மளால ஆகாதுங்க' என்றார் ஒருவர். மற்றவர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்தார்.

இந்த நாணயம் என் பைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022 டிசம்பர் தொடக்கத்தில் ஹைதராபாத்தின் பேகம்பேட்டையில் கோல்ட்சிக்கா என்ற நிறுவனம், ஓப்பன்கியூப் டெக்னாலஜிஸின் தொழில்நுட்ப உதவியோடு ஒரு தங்க ஏடிஎம் திறந்தது. அரை கிராம் முதல் 100 கிராம் வரை 24 காரட் நாணயங்கள், இரவும் பகலும் கிடைக்கும். பெட்டிக்குள் 5 கிலோ தங்கம் வரை வைக்கலாம். செய்தி வந்த சில வாரங்களில் வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனவன், அதைப் பார்ப்பதற்கென்றே பேகம்பேட்டைக்குப் போனேன். திரையில் அன்றைய விலை இருந்தது. எடையைத் தொட்டு, வங்கி அட்டையைக் கொடுத்து, ரகசிய எண்ணை அழுத்தினேன். நாணயம் கைக்கு வந்தது. வரியோடு ஏறக்குறைய 6,000 ரூபாய் ஆயிற்று. மொத்த வேலையும் ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் முடிந்தது.

அங்கே என்னைத் தொட்டது அதன் வேகமல்ல. அந்தப் பெட்டி என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை என்பதுதான். நான் எந்தத் தெரு, என்ன சட்டை, பின்னால் காரில் யாராவது காத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்குத் தேவைப்படவில்லை. அரை கிராம் வாங்கும் கூலிக்காரருக்கும் 100 கிராம் வாங்கும் முதலாளிக்கும் ஒரே திரை, ஒரே விலைப்பலகை. நகைக்கடைப் படியேறப் பலமுறை தயங்கிய என் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஒரு சங்கிலி இருந்தது. மூன்று பவுன். நூல் மில் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. 1998-இல் அப்பாவுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை என்றபோது அதைக் கழற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். திராவகம் ஒரு சொட்டு விட்டார். 'மாற்று கம்மிம்மா. பதினெட்டுகூடத் தேறாது' என்றார். அம்மா அதை வாங்கிய கடைக்கு ஓடினோம். 'எங்க நகைதான்னு எப்படிச் சொல்றீங்க? பில் இருக்கா?' என்று கேட்டார்கள். துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்த கணக்கு எப்போதோ தொலைந்துபோயிருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது, அப்பா பிழைத்தார். அம்மா அதன்பிறகு அந்தக் கடை இருந்த பக்கம் தலைவைக்கவே இல்லை.

அந்த நாள்களில் நகைக்கு முத்திரை என்று எதுவும் கிடையாது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைக்கு ஹால்மார்க் கொண்டுவந்ததே 2000-ஆம் ஆண்டில்தான். அதைக் கட்டாயமாக்க இன்னும் 21 ஆண்டுகள் பிடித்தன. அதனால் பேகம்பேட்டையில் நாணயம் கைக்கு வந்தபோது, 'அம்மாவின் காலத்தில் இது இருந்திருக்கலாமே' என்றே தோன்றியது. இந்தப் பயணம் தொடங்கும்வரை என் மனம் இயந்திரத்தின் பக்கமே இருந்தது.

தங்கம் விற்கும் பெட்டி உலகத்துக்குப் புதிதல்ல. 2008-இல் வங்கிகள் ஆட்டம் கண்டு, காகிதப் பணத்தின் மேல் ஐரோப்பியர்களுக்குப் பயம் வந்திருந்த நேரம். 2009-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தாமஸ் கைஸ்லர் என்ற தொழில்முனைவர் 'கோல்ட் டு கோ' என்ற இயந்திரத்தை வைத்துப் பார்த்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அபுதாபியின் எமிரேட்ஸ் பேலஸ் ஓட்டலுக்கு அது போனது. 2025 ஏப்ரலில் ஷாங்காய் வணிக வளாகம் ஒன்றில் நிறுவப்பட்டிருந்த இயந்திரத்தின் காட்சி உலகமெங்கும் பரவியது. அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நம் பழைய நகையை வாங்கி எடை பார்த்து, 1,200 டிகிரியில் உருக்கி, மாற்றைக் கண்டுபிடித்து, அரை மணி நேரத்துக்குள் வங்கிக் கணக்கில் பணத்தைச் சேர்க்கிறது. வரிசையில் நின்ற சீனப் பெண்களின் கைகளில் அம்மாவின் சங்கிலி போன்ற சங்கிலிகளைப் பார்த்தேன்.

தங்கை வீட்டில் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

'அழகாத்தான் இருக்குண்ணா. ஆனா இதை அடகு வெக்க முடியுமா?'

சேலத்து வீட்டில் தங்கத்தைப் பற்றி முதலில் வரும் கேள்வி இது. ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி போடுகிறவர், தறி ஓட்டுகிறவர், கொலுசுப் பட்டறைக்காரர், எல்லோருக்கும் தங்கம் என்பது பீரோவுக்குள் இருக்கும் வங்கி. விதைக்கும் மாதம் அடகுக்குப் போகும், அறுவடையில் திரும்பி வரும். 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரை வைத்திருந்த நகைக்கடனை, தகுதி பார்த்துத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. அப்போது தன் வளையல் திரும்பிவந்த கதையைத் தங்கை இன்றும் சொல்வாள். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் விதிகளில், ஒருவர் நகையாக 1 கிலோ வரை ஈடு வைக்கலாம், தங்க நாணயமாக 50 கிராம் வரைதான் வைக்கலாம். வங்கிகளே விற்ற நாணயங்களுக்கு மட்டுமே கடன் என்பது வெகுகால வழக்கம். எனவே இயந்திரம் தந்த நாணயத்தை எடுத்துக்கொண்டு கடன் வாங்கப் போகிறவர், கவுண்டரில் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தே போகவேண்டும். கழுத்தில் கிடக்கும் கொடிக்கு அந்தச் சிரமம் இல்லை.

மறுநாள் காலையில் நானும் தங்கையும் பழைய பஸ் நிலையத்தில் இறங்கிக் கடைவீதியில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். குழந்தைக்குச் சின்ன வளையம் கேட்டோம். மெத்தைபோல் இருந்த தட்டில் ஐந்தாறு ஜோடி எடுத்து வைத்தார் விற்பனையாளர். பில் எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டதும் தயங்காமல் எழுதியே காட்டினார். தங்கத்தின் விலை, அதன்மேல் சேதாரம், செய்கூலி, மொத்தத்துக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி. எடை குறையக் குறையச் சேதாரத்தின் சதவீதம் ஏறும் என்பதையும் மறைக்கவில்லை. 'சின்ன நகைக்குத்தாங்க வேலை ஜாஸ்தி' என்றார்.

பக்கத்தில் இருந்த மோதிரம் ஒன்றை எடுத்து லென்ஸ் வைத்துக் காட்டச் சொன்னேன். மூன்று குறிகள் இருந்தன. அமைவனத்தின் முத்திரை, 22 காரட் என்பதற்கான 916, பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கம். இந்த ஆறு இலக்க அடையாளம் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. கைபேசியில் அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியைத் திறந்து அந்த ஆறையும் அடித்தேன். எந்த மையத்தில் சோதித்தார்கள், என்ன நகை, எவ்வளவு சுத்தம் என்று வந்தது. சந்தேகம் இருந்தால் ஹால்மார்க் மையத்துக்கே எடுத்துப் போகலாம். 200 ரூபாய் கட்டணத்தில் நான்கு நகைகள் வரை சோதித்துத் தருவார்கள். 1998-இல் அம்மாவின் கையில் இந்த ஆறு எழுத்துகள் இருந்திருந்தால் அந்தக் கடைக்காரரால் 'பில் இருக்கா' என்று கேட்டிருக்க முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இந்தச் செயலியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

'அப்ப அந்தக் குழந்தை வளையத்துலயும் நம்பர் இருக்குமா?' என்று தங்கை கேட்டாள்.

'ரெண்டு கிராமுக்குக் கீழ கட்டாயம் இல்லீங்க' என்றார்.

உண்மைதான். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்யும் சிறிய நகைத் தொழிலாளிக்கும் விலக்கு உண்டு. படித்தபோது சாதாரணமாகக் கடந்துபோன வரிகள் இவை. கடையில் நின்றபோதுதான் அவற்றின் பொருள் உறைத்தது. ஏழை வாங்குகிற சின்னத் தங்கமும், அதைச் செய்கிற சின்ன மனிதரும் முத்திரைக்கு வெளியே இருக்கிறார்கள். அங்கே வாங்குகிறவர் நம்பியிருப்பது செய்கிறவரின் முகத்தை மட்டும்தான்.

'அம்மா நம்ம ஆசாரிகிட்ட சொல்லி வெச்சிருக்காங்க. நாணயத்தை அவர்கிட்ட குடுத்துடலாம்' என்றாள் தங்கை.

திரும்பும் வழியில் செவ்வாய்ப்பேட்டைக்குள் ஒரு சுற்றுப் போய்வந்தோம். இந்தியாவின் பல மாநிலங்களில் பெண்கள் நடக்கும்போது கேட்கும் கொலுசு ஓசையில் ஒரு பங்கு சேலத்திலிருந்து போவது. இந்தத் தெருக்களில் வெள்ளியை உருக்குவது ஒரு வீடு, கம்பி இழுப்பது இன்னொரு வீடு, வளையம் கோத்துப் பற்றவைப்பது மூன்றாவது வீடு, மெருகு போடுவது நான்காவது. திண்ணைகளில் பெண்கள் சலங்கை முத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு இன்னொரு வீடு வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறது, எடை போட்டு வாங்குகிறது. இத்தனை கை மாறியும் தொழில் நடக்கிறது.

ஆசாரியின் பட்டறை அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து முள்ளுவாடி கேட் பக்கம் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. எட்டடிக்கு எட்டடி. தரையில் பலகை, அதன்மேல் அடைகல், சுவரில் கம்பியச்சு, மூலையில் கேஸ் சிலிண்டர். வயது எழுபதை நெருங்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தார்.

'மிஷின் குடுத்ததுங்களா?'

'ஆமாங்கய்யா. சுத்தத் தங்கம்.'

'பிரிச்சா அட்டை மதிப்பு போயிடும். பரவால்லீங்களா?'

ஒரு நொடி தயங்கினேன். அந்த நாணயத்தின் 999 என்பது அட்டையோடு ஒட்டிய சத்தியம். அட்டையை வெட்டினால் மறுபடியும் யாராவது உரைத்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். 'பிரிங்க' என்றேன். கத்தரியால் ஓரத்தை வெட்டி நாணயத்தைச் சாமணத்தால் எடுத்தார். கருப்பு உரைகல்லில் ஓர் இழுப்பு. பக்கத்தில் தன் உரையாணியால் இன்னோர் இழுப்பு. இரண்டு கோட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

'சரியான தங்கம்' என்றார். எனக்கு மூச்சு வந்தது.

தராசில் நாணயத்தை வைத்து, எண்ணை என் பக்கம் திருப்பினார். 1.00. 'இதை அப்படியே வளையம் பண்ணினா நிக்காது, தம்பி. சுத்தத் தங்கம் வெண்ணெய் மாதிரி. குழந்தை கையால இழுத்தாலே நெளிஞ்சிரும். செம்பு சேர்த்தாத்தான் பிடிமானம்.' சின்னத் துண்டுச் செம்பை நிறுத்து 0.09 என்று காட்டினார். ஒரு கிராம் 999 தங்கத்தை 916-க்குக் கொண்டுவர வேண்டிய அளவு அதுதான். நான் கைபேசியில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். அவர் மனக்கணக்காகவே வைத்திருந்தார்.

'உங்க முன்னாலேயே உருக்கறேன். உட்கார்ந்து பாருங்க' என்று மணையை நகர்த்திப் போட்டார்.

மூசையில் நாணயமும் செம்பும். மேலே ஒரு சிட்டிகை வெண்காரம். சுடரை வைத்ததும் வெண்காரம் பொங்கிக் கண்ணாடியாய் உருகியது. நாணயத்தின் மேலிருந்த முத்திரை முதலில் மங்கியது, பிறகு விளிம்பு தளர்ந்தது. 1,064 டிகிரியில் தங்கம் தன்னை விட்டுக்கொடுக்கும் கணம். ஒரு சிறு பந்தாகத் திரண்டு, தனக்குள்ளேயே சுழன்று நின்றது. பேகம்பேட்டைப் பெட்டி கொடுத்த பொருள் என் கண்ணெதிரே பெயரில்லாத பொன் ஆயிற்று.

கம்பி இழுத்துக்கொண்டே பேசினார். அவர் அப்பாவின் காலத்தைப் பற்றி. சீனப் போருக்குப் பின் அன்னியச் செலாவணியைக் காக்க, நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றாயிற்று. 14 காரட் நகையை நம் வீடுகளில் யார் வாங்குவார்கள்? நாடு முழுவதும் பட்டறைகள் அணைந்தன, தற்கொலைகள் நடந்தன. 1966-இல் அந்தத் தடை தளர்ந்தது. 1968-இல் சட்டமாகவே வந்த தங்கக் கட்டுப்பாடு 1990-இல்தான் நீங்கியது. 'அப்பா மூணு வருசம் சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டினார். அரம் பிடிச்ச கை' என்றார். பிறகு வந்தவை பெரிய கடைகள், அச்சு நகைகள், இயந்திரச் சங்கிலிகள். அவர் மகன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போய்விட்டார்.

'தட்டான் தாய்ப் பொன்னுலயும் மாப்பொன் எடுப்பான்னு பழமொழி வெச்சிருக்காங்க. எடுத்தவங்களும் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எடுத்தவன் இதே ஊர்ல நாப்பது வருசம் எப்படிங்க கடை வெச்சிருக்க முடியும்?'

அந்தக் கேள்விக்கு அம்மாவின் சங்கிலிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. கம்பியை அச்சின் அடுத்த துளைக்குள் விட்டு இழுத்தார்.

பயணத்தில் எனக்குத் தெளிவு வந்த இடம் அந்த மௌனம்தான். அம்மாவை ஏமாற்றியவரும் ஒரு மனிதர்தான், இவரும் மனிதர்தான். முகத்தை நம்பு, இயந்திரத்தை நம்பாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. இயந்திரம் தரும் சமமான விலையும், ஏற இறங்கப் பார்க்காத மரியாதையும் நம் கடைகளுக்கு வரவேண்டும். முத்திரை 2 கிராமுக்குக் கீழும் இறங்கிவர வேண்டும். குழந்தையின் வளையத்துக்கும் ஓர் எண் வேண்டும். ஆனால் நம் வீட்டுக்குள் வரும் தங்கம் வாங்கிய நாளோடு முடிவதில்லை. நெளியும், அறுந்துபோகும், அடகுக்குப் போகும், மகளுக்காக உருகும், ஒரு கெட்ட நாளில் விலைக்கும் போகும். அந்த ஒவ்வொரு நாளிலும் அதை எடுத்துக்கொண்டு நாம் யாரோ ஒருவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வாங்கும் ஒரு நிமிடத்தைத்தான் பேகம்பேட்டைப் பெட்டி எளிதாக்கியது. மற்ற நாள்களுக்கு ஊரில் ஒருவர் வேண்டும். அவர் நாணயமானவராகவும் இருக்கவேண்டும். நாணயம் என்ற ஒரே சொல்லைக் காசுக்கும் நேர்மைக்கும் வைத்திருக்கிறோம். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் தங்கம் வாங்கியவர் நிம்மதியாகத் தூங்க முடியும்.

ஞாயிறு காலை வீட்டுக்கு ஆசாரி வந்தார். மஞ்சள் துணியில் சுற்றிய இரண்டு சுருள் வளையங்கள், ஒரு முனை ஊசிபோலக் கூர். குழந்தையை என் மடியில் உட்காரவைத்தார்கள். தங்கை கையில் வாழைப்பழம், வாயில் ஏதோ பாட்டு. ஆசாரி காது மடலில் சின்னப் பொட்டு வைத்து, இரண்டு காதும் நேராக இருக்கிறதா என்று எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே அழுத்து. வீடே அதிர அழுகை. அது அடங்குவதற்குள் அடுத்த காது. குழந்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பியது. ஆசாரி குனிந்து இரண்டு காதிலும் மெதுவாக ஊதினார். பேகம்பேட்டையில் வாங்கிய ஒரு கிராம் அவள் காதில் மஞ்சளாக மின்னியது.

வெற்றிலை பாக்குத் தட்டில் கூலியை வைத்து அம்மா நீட்டினார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆசாரி சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாள் மடிப்பு ஒன்றை எடுத்தார். பிரித்தால் அரைவிரல் நீளத்துக்கு ஒரு தங்கக் கம்பித் துண்டு.

'ரெண்டு வளையமும் சேர்ந்து 1.02. இது மிச்சம், 0.05. பாக்கி 0.02 உருக்குலயும் அரத்துலயும் போச்சு. கணக்கு எழுதி வெச்சிருக்கேன்' என்றார். தாளின் பின்பக்கம் பென்சிலால் அந்த எண்கள். கீழே தேதியும் அவர் கையெழுத்தும்.

அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். 1998-இல் தொலைந்துபோன பென்சில் கணக்கு எனக்கு நினைவு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். கம்பித் துண்டை மறுபடி மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார்.

'அடுத்த வருசம் காது ஆறினப்புறம் கம்மலாப் போடணுங்க. அப்ப இதையும் சேர்த்துக்கணும்.'

'கொண்டாங்கம்மா. இருப்பேன்' என்றார் ஆசாரி.